நனைந்த கைப்பட்டை

மீட்டர்காரருக்கு மருத்துவமனையில் ஒரு குறையும் இல்லை. படுக்கக் கட்டில் இருந்தது, தலைக்கு மேலே மின்விசிறி இருந்தது, கால் புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்ற ஆள் இருந்தது. பேச்சுத் துணைக்குத்தான் ஒரு ஈ காக்காய் கிடையாது.

மீட்டர்காரர் என்பது தொழிலால் வந்த பெயர். வேலை பார்த்த காலம் முழுக்க வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தவர். ஓய்வு கொடுத்தவர்கள் பெயரைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. மனைவி போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள். கல்யாணம் முடிந்து, நாள் முழுக்க ரயிலில் உட்கார வேண்டிய தூரத்தில், இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். வீட்டில் அவரும் சர்க்கரை வியாதியும்தான் குடியிருந்தார்கள். செருப்பு கடித்த ஒரு சின்ன இடத்தை வியாதி பெரிய புண்ணாக்கிவிட்டது. அலட்சியமாக விட்டால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் மிரட்டி, வாரக்கணக்கில் படுக்கப் போட்டுவிட்டார்.

ஆறு கட்டில்கள் போட்ட வார்டு அது. சாயங்காலமானால் மற்றக் கட்டில்களைச் சுற்றித் திருவிழாக் கூட்டம் நிற்கும். அடுத்த கட்டிலில் ஒரு லாரி டிரைவர், ரத்த அழுத்தம் எகிறிப்போய் வந்து சேர்ந்தவர். அவரைப் பார்க்க மனைவி வருவாள், மச்சினன் வருவான், மச்சினன் பெண்டாட்டி வருவாள், அவளுடைய தங்கைகூட ஒரு நாள் வந்தாள். நிற்க இடமில்லாமல், "கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு மீட்டர்காரரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். முதுகை அவருக்கும் முகத்தை லாரிக்காரருக்கும் கொடுத்துவிடுவார்கள். இப்படி வரிசையாக நாலைந்து முதுகுகளைப் பார்த்துக்கொண்டே அவருடைய சாயங்காலங்கள் கழிந்தன.

மகளைக் குறை சொல்லக்கூடாது. தினமும் போன் செய்வாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பாள், நன்றாக இருக்கிறேன் என்பார். மாத்திரை போட்டாயிற்றா என்பாள், ஆயிற்று என்பார். அதற்குள் அவளுடைய பக்கத்தில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே பிடித்திருப்பார். லாரிக்காரரின் உறவினர்கள் பார்த்தால் இன்னும் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்ளட்டுமே என்றுதான்.

அந்த வார்டுக்கு மாத்திரை கொடுக்க வரும் நர்ஸ் சக்கரம் வைத்த ஒரு தள்ளுவண்டியோடு வருவாள். வண்டி மேல் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் சிவப்பு வெளிச்சம் அடிக்கும் ஸ்கேனர். நோயாளிகள் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருந்தது, அதில் பேரும் பார்கோடு கோடுகளும் அச்சாகியிருக்கும். நர்ஸ் முதலில் அந்தப் பட்டை மேல் வெளிச்சம் அடிப்பாள், அப்புறம் மாத்திரை உறையின் மேல் அடிப்பாள். இந்த ஆளுக்கு இந்த மாத்திரைதான், இந்த வேளைக்குத்தான் என்று கம்ப்யூட்டர் ஒத்துக்கொண்டால் ‘டிங்’ என்று ஒரு சின்னச் சத்தம். ஆள் மாறினாலோ அளவு மாறினாலோ எருமை கத்துவது போல ஒரு சத்தம். முன்பெல்லாம் ஒருவர் மாத்திரை இன்னொருவர் வாய்க்குப் போன சங்கதிகள் நடந்திருக்கின்றனவாம். இது வந்த பிறகு இல்லையாம். நல்ல ஏற்பாடுதான், யாரும் மறுக்க முடியாது. ஆனால் நர்ஸுகள் அதற்கு வைத்திருந்த பெயர் மாமியார். தொட்டதற்கெல்லாம் குற்றம் கண்டுபிடிக்கிறது, அது தலையை ஆட்டாமல் ஒரு மாத்திரை அசையாது என்பதால்.

மாமியார் வேலையில் கெட்டி. பட்டைக்கு ஒரு டிங், மாத்திரைக்கு ஒரு டிங், விழுங்குங்கள், அடுத்த கட்டில். நர்ஸ் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதற்குள் முதுகு தெரிந்துவிடும். மீட்டர்காரர் அன்றைக்குச் சொல்லலாம் என்று ஏதாவது ஒரு விஷயத்தை யோசித்து வைத்திருப்பார். வாயைத் திறப்பதற்குள் மாத்திரை உள்ளே போய்விடும். யாராவது தன் கையைத் தொட வேண்டும் என்று ஒரு மனிதர் ஏங்குகிறார் என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அவர் ஏங்கினார்.

ஒரு நாள் காலை முகம் கழுவும்போது பட்டை நன்றாக நனைந்துவிட்டது. தெரிந்து செய்ததில்லை. துண்டால் அழுத்தித் துடைத்ததில் கோடுகள் தீற்றிக்கொண்டன. நர்ஸ் வந்தாள், வெளிச்சம் அடித்தாள். மாமியார் வாயே திறக்கவில்லை. கையைத் திருப்பிப் பிடித்தாள், பட்டையைத் தன் முந்தானை போன்ற அந்த நீல மேலங்கியின் ஓரத்தால் ஒற்றினாள், மறுபடி அடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

பட்டையை ஸ்கேனர் படிக்காவிட்டால் அதற்கென்று ஒரு சட்டம் இருந்தது. எண்ணைக் கையால் தட்ட வேண்டும், பேரும் பிறந்த தேதியும் கேட்க வேண்டும், அதற்கு மேல் இன்னொரு நர்ஸ் வந்து ஆளையும் மாத்திரையையும் நேரில் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது நர்ஸ் வரும்வரை மாத்திரையை எடுத்த நர்ஸ் அந்தக் கட்டிலை விட்டு நகரக்கூடாது. நின்று நின்று கால் கடுத்துப் போயிருந்த அந்தப் பெண், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முப்பது வயதுக்குள்தான் இருக்கும். காலணியிலிருந்து குதிகாலை வெளியே எடுத்து அமுக்கிக்கொண்டே, என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். கம்ப்யூட்டர் கேட்கச் சொல்லாத கேள்வி அது. மீட்டர் பார்த்து எண் குறிக்கிற வேலை என்றார் மீட்டர்காரர். சொன்னதும் அவள் சிரித்தாள்.

"அப்ப நீங்களும் எங்க மாமியார் மாதிரிதான் சார். வருவீங்க, நம்பரைப் பாப்பீங்க, போயிட்டே இருப்பீங்க."

இரண்டாவது நர்ஸ், கண்ணாடி போட்டவள், அவசரமில்லாமல் வந்து சேர்ந்தாள். அதற்குள் மீட்டர்காரர் நாய் துரத்திய கதை ஒன்றைச் சொல்லி முடித்திருந்தார். ஸ்டூலில் இருந்தவளுடைய அம்மாவுக்கு முட்டி வலி என்பதும், இந்த வேலை ஒப்பந்தத்தில் இருக்கிற வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணாடி நர்ஸ் சம்மதம் சொன்னதும், முதல் நர்ஸே புதுப் பட்டை அச்சடித்துக் கொண்டுவந்து, பழையதைக் கத்தரித்து, மணிக்கட்டில் ஒட்டிவிட்டாள். ஒட்டும்போது அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

அன்று மத்தியானம் அவருக்குத் தூக்கம் வரவில்லை. அவள் விளையாட்டாகச் சொன்னது உள்ளே தைத்திருந்தது. அவருடைய சுற்றில் ஒரு தெருக்கோடி வீடு உண்டு. தனியாக ஒரு அம்மாள். அந்த வீட்டு மீட்டர் ஓடவே ஓடாது, ஒரே ஒரு பல்பு எரிந்த கணக்குத்தான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள், "உக்காருங்க தம்பி, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பாள். இன்னும் நிறைய வீடு இருக்கிறதம்மா என்று படியிலேயே நின்று எழுதிக்கொண்டு திரும்பிவிடுவார். தண்ணீருக்காகவா அவள் கூப்பிட்டாள்? அடப்பாவி, ஒரு தடவை உட்கார்ந்திருக்கலாமே என்று இப்போது தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் புதுப் பட்டை பளிச்சென்று படித்தது. டிங், டிங், முடிந்தது. "வரேன் சார்" என்ற இரண்டு சொல்லோடு அவள் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த நாள் காலையில் மீட்டர்காரர் தம்ளர் தண்ணீரில் விரலை நனைத்தார். பட்டை மேல் வைத்துக் கட்டைவிரல் நகத்தால் மெதுவாகத் தேய்த்தார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். வாழ்க்கையில் ஒரு மீட்டரைக்கூடத் திருத்திக் குறிக்காத மனிதர் அவர்.

அன்றைக்கும் நர்ஸ் உட்கார்ந்தாள். பேச்சு நீண்டது. கண்ணாடி நர்ஸ் அன்று இன்னும் தாமதமாக வந்து அவர் வயிற்றில் பாலை வார்த்தாள். அதற்குப் பிறகு இது வாடிக்கையாகிவிட்டது. தினமும் செய்தால் சந்தேகம் வரும் என்று நடுநடுவே விட்டுப் பிடிப்பார். விட்ட நாட்களில் பெரிய தியாகம் செய்துவிட்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டு மாத்திரையை விழுங்குவார். பட்டை படிக்காத நாட்களில் அவள், "என்ன மீட்டர் சார், இன்னிக்கு ரீடிங் எப்படி?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டூலை இழுப்பாள். அந்த ஸ்டூல் தரையில் உரசும் சத்தத்துக்காக அவர் காலையிலிருந்தே காத்திருப்பார்.

இது அவளுக்கு எவ்வளவு தொல்லை என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்பதுதான் சரி. ஒவ்வொரு தடவையும் அவள் சுற்று தாமதமாகும். தாமதத்துக்குக் கம்ப்யூட்டரில் காரணம் தட்ட வேண்டும். கண்ணாடி நர்ஸ் தன் வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டும். உங்கள் வார்டில் மட்டும் ஏன் இத்தனை பட்டை செலவாகிறது என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. அச்சடிக்கும் இயந்திரத்தில்தான் கோளாறு என்று அவள் புகார் கொடுத்தாள். ஆள் வந்து பிரித்துப் பார்த்துவிட்டு, இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடைசியில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மீட்டர்காரருடைய பட்டைக்கு இன்னொரு பிரதி அச்சடித்து, அதைத் தள்ளுவண்டியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டாள். இனி அவர் கை தேவையில்லை. வண்டி எங்கே நின்றாலும் அந்தப் பிரதியின் மேல் வெளிச்சம் அடித்தால் மாமியார் அவரே எதிரில் கையை நீட்டிக்கொண்டிருப்பதாக நம்பிவிடுவாள். இப்படிச் செய்யவே கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பட்டை ஆளோடுதான் இருக்க வேண்டும், வண்டியோடு இருந்தால் இந்த ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை. அவளுக்கும் அது தெரியும். ஆனால் ஒரு மனிதருக்காகத் தினமும் எத்தனை தாமதத்துக்குத்தான் காரணம் எழுதுவாள்?

அன்றைக்கு மீட்டர்காரர் தன் கைவரிசையைக் காட்டிவிட்டு, தயாராகக் கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார். அவள் வண்டியை வாசலருகே நிறுத்தி, அங்கிருந்தபடியே டிங் டிங் என்று முடித்து, மாத்திரையோடு வந்தாள். கையைத் தொடக்கூட இல்லை.

"இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்ல சார். உங்க பட்டை வண்டியிலயே இருக்கு."

தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, நல்லது செய்த சந்தோஷத்தோடு அவள் போனாள். மறுநாளிலிருந்து அவர் பட்டையைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினார். கை கழுவும்போது பிளாஸ்டிக் உறை ஒன்றை மாட்டிக்கொண்டார். கோடுகள் மடியாமல் நீவி வைத்துக்கொண்டார். இப்போது நன்றாகப் படிக்கும், ஒரு தடவை அடித்துப் பாருங்கள் என்று கையை நீட்டினார். இருக்கட்டும் சார், எதற்கு வம்பு என்று அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லவில்லை.

விபரீதம் ஒரு காலை நேரத்தில் நடந்தது. நர்ஸ் முதலில் லாரிக்காரரிடம் போனாள். அவர் பட்டையையும் மாத்திரையையும் முறைப்படி ஸ்கேன் செய்து, மாத்திரைகளைச் சின்னக் காகிதக் கிண்ணத்தில் போட்டாள். அந்த நேரம் பார்த்து அவருக்கு வயிற்றைக் கலக்கியது. இதோ வந்துவிடுகிறேன் என்று எழுந்து ஓடினார். அவள் அந்தக் கிண்ணத்தை வண்டி மேல் வைத்தாள். காத்திருக்கும் நேரத்தில் மீட்டர்காரரை முடித்துவிடலாமே என்று, வண்டியில் ஒட்டிய பிரதியை ஸ்கேன் செய்து, அவருடைய மாத்திரைகளை இன்னொரு கிண்ணத்தில் போட்டுப் பக்கத்தில் வைத்தாள். யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் பதில் சொன்னாள். பிறகு கையில் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மீட்டர்காரருக்கு அவள் வந்ததே பெரிதாக இருந்தது. புண் ஆறி வருகிறது என்று டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அவள் நகர்ந்துவிடுவதற்குள் சொல்லி முடிக்கும் அவசரத்தில் கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. வாய் பேசிக்கொண்டிருந்தது, கை வாங்கி உள்ளே போட்டுக்கொண்டது. அரை மணி நேரத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்த லாரிக்காரர்தான், கட்டிலருகே அவள் வைத்துவிட்டுப் போன கிண்ணத்தைப் பார்த்து, என் மாத்திரை வேறு நிறமாயிற்றே என்று விழுங்காமல் கேட்டவர். அவள் முகம் வெளுத்துப்போய் ஓடி வருவதற்குள் மீட்டர்காரர் கழிப்பறைக்குக் கிளம்பியிருந்தார். லாரிக்காரரின் அழுத்த மாத்திரைகள் இரண்டும் சேர்ந்து அவருடைய அழுத்தத்தைத் தரைக்கு இறக்கிவிட்டன. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கதவு நிலையில் நெற்றி மோதி விழுந்தார்.

நெற்றியில் தையல் போட்டார்கள். பெரிய ஆபத்தில்லை, நேரத்தில் பார்த்துவிட்டோம் என்றார்கள். மறுநாள் காலை கண் விழித்தபோது நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதுகு இல்லை, முகம். மகள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல அவருக்கு வருடக்கணக்கில் வாய்த்ததில்லை. மகள் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். தலையணை உறையை மாற்றினாள். டாக்டரைப் பிடித்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டாள், சின்ன வயதில் அவர் அவளுக்கு வெட்டிவிட்டதைப் போலவே நாக்கைக் கடித்துக்கொண்டு. லாரிக்காரரின் ஆட்களை, இது என் அப்பா கட்டில், கொஞ்சம் எழுந்துகொள்கிறீர்களா என்று எழுப்பிவிட்டாள். மீட்டர்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நெற்றிக் காயம் இன்னும் கொஞ்சம் பெரிதாகப் பட்டிருக்கலாமே என்றுகூட நினைத்தார். அப்படியெல்லாம் நினைக்கக்கூடாதுதான்.

மகள் சும்மா இருக்கவில்லை. நர்ஸ் மேல் புகார் கொடுத்திருந்தாள். என் அப்பா செத்திருந்தால் யார் பதில் சொல்வது என்று அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. நர்ஸை வார்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லி நிறுத்தி வைத்திருந்தார்கள். அவளுக்குப் பதில் ஒரு புது நர்ஸ் வந்து டிங் டிங் என்று போய்க்கொண்டிருந்தாள். எல்லா நர்ஸுகளுக்கும் தலைவியான மேட்ரன், விசாரணைக்கு நாள் குறித்திருந்தாள்.

விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம், மகள் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, கண்ணாடி நர்ஸ் கட்டு மாற்ற வந்தாள். கட்டை அவிழ்த்துக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் பேசினாள்.

"அவளுக்கு வேலை போயிடும் சார். இந்தப் பேரோட போனா வேற எந்த ஆஸ்பத்திரியும் எடுக்காது. பட்டை படிக்கவே மாட்டேங்குதுன்னு அவ சொல்றா. மிஷின் நல்லாதான் இருக்குன்னு ரிப்போர்ட் இருக்கு. வேலைக்குச் சோம்பிட்டு பொய் சொல்றான்னு நினைக்கிறாங்க. நீங்கதானே பக்கத்துல இருந்து பாத்தவர். படிக்கலைங்கிறது உண்மைதானேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

மீட்டர்காரர் பட்டை கட்டிய கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். படிக்கவில்லை என்று மட்டும் சொன்னால் போதாது என்பது அவருக்குத் தெரியும். ஏன் படிக்கவில்லை என்பதுதானே கேள்வி. அதற்குப் பதில் சொல்ல உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு. சொன்னால் மகள் அதே அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். புகாரை எழுதியவள் அவள். அப்பாவுக்காக ஊரைக் கூட்டிச் சண்டை போட்டவள். அந்த அப்பாவே காரணம் என்று தெரிந்தால், அவள் உரித்து வைத்த ஆரஞ்சுகூடக் கசந்து போகும். மறுபடி அந்தச் சாயங்கால போன்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் மகள் இன்னும் சில நாட்கள் இருப்பாள். அந்தப் பெண் முட்டி வலி அம்மாவோடு வீட்டில் உட்கார்ந்திருப்பாள்.

சாயங்காலம் மகள் அவர் தலையைக் கோதிவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்து அவள் போர்வையை இழுத்துவிட்டாள். அவர் தூங்கவில்லை.

மறுநாள் மகள் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து மேட்ரன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் மேட்ரன், டாக்டர் ஒருவர், கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒருவர். சுவரோரம் அந்த நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். நீல மேலங்கி இல்லாமல் சாதாரண உடையில் அவள் யாரோ ஒரு சின்னப் பெண் போல இருந்தாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மகள் முதலில் பேசினாள், கோர்வையாக, வார்த்தை சிந்தாமல். பட்டையை ஆள் கையில் ஸ்கேன் செய்யாமல் வண்டியில் ஒட்டி வைத்தது கொலைக்குச் சமம் என்றாள். டாக்டர் தலையாட்டினார். மேட்ரன் நர்ஸைப் பார்த்து, மற்ற ஐந்து பேர் பட்டையும் படிக்கிறது, இவருடையது மட்டும் படிக்காதா என்று கேட்டாள். தெரியவில்லை மேடம் என்றாள் நர்ஸ். அந்தக் குரல் மீட்டர்காரரால் தாங்க முடியாததாக இருந்தது. நாய் துரத்திய கதைக்குச் சிரித்த குரல் அது.

"நான்தான் நனைச்சேன்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவர் கையைத் தூக்கிக் காட்டி, எப்படித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தார் என்பதைச் செய்தே காட்டினார். இத்தனை நாள் செய்தேன், இந்தப் பெண்ணுக்குத் தெரியாது, இயந்திரத்தின் மேலும் தப்பில்லை என்றார். மேட்ரன்தான் கேட்டாள், எதற்கு இப்படிச் செய்தீர்கள் என்று. அதட்டலாகக் கேட்கவில்லை. அதட்டியிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பார்.

"அது படிக்கலைன்னா சிஸ்டர் கொஞ்ச நேரம் உக்காருவாங்கம்மா."

அவ்வளவுதான் காரணம். வாய்விட்டுச் சொன்ன பிறகு அது அவருக்கே மிகச் சின்னதாகத் தெரிந்தது. கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் தன் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். நர்ஸ் இப்போது மீட்டர்காரரைப் பார்த்தாள். நன்றியாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு அந்தப் பார்வை சுட்டது. எத்தனை பட்டை, எத்தனை தடவை திட்டு வாங்கினேன் என்று கேட்கிற பார்வை. கேட்டிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

மேட்ரன் முடிவைச் சொன்னாள். பிரதி எடுத்து வண்டியில் ஒட்டியது ஒட்டியதுதான், அது மன்னிக்கிற காரியமில்லை, எச்சரிக்கைக் கடிதம் உண்டு. ஆனால் வேலை போகாது. வேறு மாடிக்கு மாற்றம். உங்களுக்குச் சம்மதமா என்று மகளிடம் கேட்டாள். மகள் தன் புகார்க் காகிதத்தை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். நர்ஸ் அவரைக் கடந்து வெளியே போனாள். "வரேன் சார்" என்ற அந்த இரண்டு சொல்கூட வரவில்லை. வேறு மாடி என்றால் இனி எங்கே பார்க்கப் போகிறார்.

மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். நீளமான நடைக்கூடம். வழியெல்லாம் கட்டில் தள்ளும் ஆட்கள், பக்கெட் வைத்துத் தரை துடைப்பவர்கள். சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. திட்டினால் தேவலை என்று இருந்தது அவருக்கு. மனிதர் வெட்கத்தில் குறுகி, கட்டு போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி தூரம் போன பிறகு மகள் வாயைத் திறந்தாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் உடைந்திருந்தது.

"டெய்லி போன் பண்ணேனே அப்பா. எப்படி இருக்கீங்க, எப்படி இருக்கீங்கன்னு கேட்டேனே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாம்மான்னு சொல்லியிருக்கக் கூடாதா? எவளோ ஒருத்தி உக்காரணும்னு இவ்வளவு பண்ணியிருக்கீங்க. என்னை வான்னு கூப்பிடத் தோணலையா?"

தினமும் போனை எடுக்கும்போதெல்லாம் அந்த ஒரு சொல் மீட்டர்காரரின் தொண்டை வரைக்கும் வந்திருக்கிறது. அங்கேயே நின்றுவிடும். ஏன் என்று அவருக்கு நன்றாகவே தெரியும், யாரிடமும் சொன்னதில்லை.

"பட்டையை நனைச்சா சிஸ்டர் கண்டிப்பா உக்காருவாங்கம்மா, அது சட்டம்" என்றார். "உன்னை வான்னு கூப்பிட்டு, நீ வராமப் போயிட்டா நான் என்னம்மா பண்ணுவேன்?"

நாற்காலி நின்றுவிட்டது. தரை துடைத்துக்கொண்டிருந்தவன் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான், போவார்கள் என்று பார்த்தான், போகவில்லை என்றதும் வேலையைத் தொடர்ந்தான். மகள் அவருக்குப் பின்னால் நின்றாள். அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.